ராணி யோசித்த நேரம்

ஒரு கல்லூரி விளையாட்டு அறையின் அலமாரியில் சதுரங்க ராணியும் வாலிபால் பந்தும் ஒரே தட்டில் இருந்தார்கள். சாயங்காலம் முழுக்கப் புழுதியில் புரண்டுவிட்டு வரும் பந்து, மூச்சுவிடாமல் கதை சொல்லுவான். ராணி வாய் திறப்பதே அபூர்வம். ஆனாலும் அவன் வரத் தாமதமானால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

ஒருநாள் பந்து பட்டென்று கேட்டுவிட்டான். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. உனக்கு?"

ராணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவளுடைய ஆட்டத்தில், முக்கியமான காயை அவசரப்பட்டு நகர்த்துவது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் அவமரியாதை. அதனால் நிதானமாக யோசிக்கத் தொடங்கினாள்.

அவனுடைய ஆட்டமோ வேறு. வந்த பந்தை யாரும் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. உடனே திருப்பி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையில் விழுந்து எல்லாம் முடிந்துபோகும்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தான். நான்காம் நாள், விடுதிப் பிள்ளைகள் பழைய பந்து கேட்டு வந்தபோது, தானாகவே உருண்டு அவர்கள் பைக்குள் விழுந்தான்.

"தொந்தரவு பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காத" என்றான்.

"இரு, நான் யோசிச்சுக்கிட்டுத்தான்..." என்று ராணி தொடங்குவதற்குள் பையின் கயிறு இறுகிவிட்டது.

இப்போது அந்தத் தட்டில் புதுப் பந்து ஒன்று இருக்கிறது. ராணி அதன் பக்கம் திரும்புவதில்லை. அந்த மூன்று நாளில் அவள் பதினோரு நகர்த்தல் தாண்டி யோசித்து வைத்திருந்தாள். பதினொன்றிலும் அவன் பக்கத்திலேயே இருந்தான்.