புது மானிட்டர்

கணவர் ஜெரோம் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவருடைய கம்ப்யூட்டரைப் பொற்கொடி ஆன் செய்தாள். மானிட்டர் கருப்பாகவே இருந்தது. கேபிளை மாற்றியும் பயனில்லை.

சரவணம்பட்டி கடைக்காரர் வந்து பார்த்தார். "பேனல் போயிருச்சுங்க அம்மணி. ரிப்பேருக்குப் புதுசே மேலுங்க. இதவிடக் கொஞ்சம் சின்னது போதுங்களா?"

புதியதை மாட்டியதும் திரை ஒளிர்ந்தது. ஜெரோம் பாதியில் விட்ட ஆபீஸ் வேலை அதில் அப்படியே இருந்தது. கடைக்காரரை வழியனுப்பிவிட்டு வந்தபோது, காலி நாற்காலிக்கு முன்னால் கீபோர்டு பொத்தான்கள் தாமாகவே அமுங்கிக்கொண்டிருந்தன. வரிகள் நீண்டுகொண்டே போயின.

பொற்கொடிக்குப் பயம் வரவில்லை.

"ஏனுங்க, சாப்பிட வாங்க" என்றாள்.

பொத்தான்கள் நின்றன. திரையில் எழுத்துகள் வந்தன: 'வேலைய முடிச்சுப்போட்டு வாரேன்.'

பிறகு வேலை தொடர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு வந்த பதில்தான். வழக்கம்போல அவள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.