ஆடித்தபசு ரயில்

சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைந்ததும் ஞானஒளிவு வழக்கம்போல எழுந்தார். மகள் ஜெமி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கூட்டத்தப் பாருங்கப்பா. இந்த முழங்காலோட எங்க இறங்கப் போறீங்க? டீதான, நான் வாங்கிட்டு வாரேன்."

அவர் கழுத்தை நீட்டி பிளாட்பாரத்தைப் பார்த்தார்.

ஜெமி சன்னல் ஓரத்தில் இருந்தாள். அது அம்மா ரெபேக்காளின் இடம். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மாவை அடக்கம் செய்திருந்தார்கள். அவள் இல்லாமல் வரும் முதல் பயணம் இது.

பிளாட்பாரம் முழுக்க கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். நெற்றியில் திருநீறு, கையில் புற்றுமண் பொட்டலம், தோளில் தூங்கும் பிள்ளைகள்.

ஜெமி வீட்டார் விருதுநகரில் இருக்கும் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். தபசுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வருஷா வருஷம் குற்றாலத்துக்கு அம்மா கிளம்புவது இந்த நாளில்தான், இந்த ரயிலில்தான். பஸ்ஸில் போவோம் என்று ஜெமி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அம்மா காதில் வாங்கியதே இல்லை.

இந்த ஸ்டேஷன் வந்ததும் அம்மா சன்னல் ஷட்டரை இறக்கிவிடுவாள். ஜெமியை இழுத்து அணைத்துக்கொள்வாள். ஜெமி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். அப்பா டீ வாங்க இறங்குவார். ரயில் நகரும்போது வெறுங்கையோடு ஏறுவார்.

அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று ஜெமிக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு லீவில் அப்பாவும் அம்மாவும் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடித்தபசு நாள். அம்மா கம்பியில்லாத அவசர சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஏற முடியாத நெரிசல். மெலிந்த பெண்ணொருத்தி வந்து சன்னல் வழியாக ஒரு கைப்பிள்ளையை நீட்டினாள்.

"அக்கா, பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க. அந்த வாசல் வழியா ஏறி வந்துருதேன்."

கூட்ட நேரத்தில் எல்லோரும் செய்வதுதான். அம்மா வாங்கிக்கொண்டாள்.

ரயில் கிளம்பியது. அவள் வரவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார்கள். பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. அப்புறம் போலீஸ், காப்பகம், கோர்ட்டு. பிள்ளை முறைப்படி அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது நடக்கப் பழகியிருந்தது.

"அம்மா பாவம், எவ்வளவு பயந்திருக்காங்க," என்றாள் ஜெமி. "பெத்தவங்க இங்கன நின்னு, என்னைத் திருப்பிக் கேட்டுருவாங்களோன்னு."

"பயந்தான்," என்றார் ஞானஒளிவு. முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஆனா என்னைக் கீழ இறக்கி அனுப்புனதும் அவதான்."

"டீக்கா?"

"டீக்கென்ன மக்கா. வீட்டுல இருந்தே ஃபிளாஸ்க்ல கொண்டு வந்திருவாளே."

ஜெமி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"தேடத்தான் அனுப்புவா. தபசுக்கு வந்தவ மறுபடியும் தபசுக்கு வருவாம்பா. சன்னலையும் அடைச்சுக்கிடுவா, என்னையும் அனுப்புவா. கண்டுபிடிச்சா என்ன செய்வ, பிள்ளையக் குடுத்துருவியான்னு ஒரு தடவ கேட்டுட்டேன். அன்னைக்குப் பூரா எங்கூடப் பேசல. மறுநாள் காலைல சொல்லுதா, பிள்ளை நல்லா இருக்குன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமாங்க, அது தெரியாம அவளுக்கு எப்படிச் சோறு இறங்கும்னு."

ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். யாரோ ஒரு மூட்டையை ஜெமியின் காலடியில் தள்ளினார்கள். அவள் எழுந்தாள்.

"நான் இறங்கிப் பார்க்கேன்."

"உனக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கூட்டத்துல ஒரு நிமிஷம் பார்த்த முகம்."

"ரெண்டாவது தடவையும் பார்த்தோமே," என்றார்.

ஜெமி நின்றுவிட்டாள்.

"நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. அந்தக் குழாயடியில நின்னுக்கிட்டிருந்தா. வா தாயி, பிள்ளை உள்ள இருக்குன்னு கூப்பிட்டேன். வர மாட்டேன்னுட்டா. இங்கன நின்னே பார்த்துக்கிடுதேன் அண்ணாச்சின்னு கும்பிட்டா. ஓடி வந்து உங்கம்மாகிட்டச் சொன்னேன். அன்னைக்கு ஒருநாள் மட்டும் ஷட்டரத் தூக்கினா. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வரல. உங்கம்மாவும் விடல. பிள்ளை வளர்ந்ததையும் அவ பார்க்கணும்லான்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

விசில் கேட்டது. ரயில் அசைந்தது.

ஜெமி சன்னலுக்குத் திரும்பினாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, பெட்டி வெளிச்சம் தன்மேல் படும்படி நேராக உட்கார்ந்தாள். குழாயடி மெல்லப் பின்னால் போனது. இரண்டு கல்லூரிப் பெண்கள் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அது இந்த ஊர்தான் என்பதுதான் இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தது.

அம்மா அவளைத் தூக்கி சீட்டின்மேல் சன்னலோரம் நிறுத்தினாள். புது கவுன். தலையைக் கோதிவிட்டாள். பிறகு தோளைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்பக்கம், பின்பக்கம், மறுபடியும் முன்பக்கம். கவுன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் அப்போது நினைத்திருந்தாள்.

வெளியே ஒரு பெண், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது?" என்று ரயில் கிளம்பியபின் ஜெமி கேட்டாள்.

பிளாட்பாரம் முடியும்வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம சொந்தக்காரங்க மக்கா. ரயிலத் தவற விட்டுட்டாங்க."