முழு நாள் பயிற்சி

"இந்த சர்டிபிகேட் பொய்யிங்க மேடம்!"

சுவரில் புதிதாக மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார் திருமூர்த்தி.

பனியன் நகரத்து ராயபுரத்தில் இருக்கும் அந்தப் பேச்சுப் பயிற்சி மையத்தில் அப்போது அவரும், அவர் மகள் வர்ஷினியும், பயிற்சி கொடுக்கும் ஷைமாவும்தான் இருந்தார்கள். வர்ஷினிக்கு ஐந்து வயது, இரண்டு காதிலும் மிஷின். அப்பா போட்ட சத்தத்தில் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன சார் சொல்றீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க கோயமுத்தூர்ல பயிற்சில உக்காந்திருந்தீங்கன்னு இதுல போட்டிருக்குதுங்க. அன்னிக்கு மத்தியானம் நான் தாராபுரத்துல உங்களைப் பார்த்தனுங்க. மண்டபத்து வாசல்ல, பட்டுச் சேலைல நின்னுட்டிருந்தீங்க. ஒரே ஆளு ரெண்டு ஊர்ல எப்படிங்க இருக்க முடியும்?"

ஷைமாவின் முகம் வெளுத்துவிட்டது. மழுப்பவில்லை, அந்த மட்டுக்கும் பாராட்ட வேண்டும்.

"என் தங்கச்சி முறை ஆகுற பொண்ணுக்கு நிக்காஹ் சார். காலைல கோயமுத்தூர் பயிற்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. உடனே தாராபுரத்துக்கு பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் ஃப்ரெண்டு சர்டிபிகேட் வாங்கி வெச்சிருந்தா."

"இந்தப் பயிற்சி எல்லாம் எதுக்குங்க நடத்தறாங்க?"

"படிச்சு முடிச்சதோட நாங்க நின்னுடக் கூடாதுன்னுதான் சார். புது மிஷின், புது முறை எல்லாம் வந்துட்டே இருக்கு. அதையெல்லாம் கத்துக்கிட்டு பாயிண்ட் சேர்த்தாத்தான் கவுன்சில்ல எங்க பதிவைப் புதுப்பிப்பாங்க. எனக்கு இந்த மாசத்தோட முடியுது."

"அப்ப பாயிண்ட் வந்துருச்சு, பாடம் வரலை. அப்படித்தானுங்க?"

"ஆமா சார்."

"அன்னிக்கு என்ன பாடமுங்க?"

"குழந்தைங்க காது மிஷினுக்குச் சத்த அளவு வைக்கிறது எப்படின்னு..."

திருமூர்த்திக்குத் தலைக்கேறிவிட்டது. எந்த அப்பனுக்குத்தான் ஏறாது?

"என் பொண்ணு காது எவ்வளவு சத்தம் தாங்கும்கிற பாடம்! அதையே கேக்காம வந்துட்டு, என் பொண்ணு காதுல கை வெக்கிறீங்க. இருக்கற கொஞ்ச நஞ்சமும் போச்சுன்னா யாருங்க திருப்பிக் குடுப்பாங்க? கையெழுத்து வாங்கறவன், போடறவன், போட்டோ எடுக்கறவன்... அத்தனை பேருமே திருடனுங்க! நான் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டா என்னாகும்?"

"பதிவு போயிடும் சார்."

"போகட்டுமுங்க!"

வர்ஷினி தெளிவாக 'அப்பா' என்று சொன்னதே ஷைமாவிடம் வந்த பிறகுதான். அதைக் கேட்டு அன்றைக்குத் திருமூர்த்தி தேம்பி அழுதார். இன்றைக்கு அந்தத் தயவெல்லாம் இல்லை.

ஷைமா எழுந்து சட்டத்தைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். போனை எடுத்துப் பயிற்சி நடத்தியவர்களைக் கூப்பிட்டாள்.

"சார், ராயபுரத்துல இருந்து ஷைமா பேசறேன். ஞாயித்துக்கிழமை நான் பயிற்சில உக்காரலை. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். எனக்குப் போட்ட பாயிண்டை எடுத்துடுங்க... இல்ல சார், நிஜமாத்தான் சொல்றேன்... அடுத்தது எப்போ சார்?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த பயிற்சி அடுத்த மாசம்தானாம். அதுக்குள்ள என் பதிவு முடிஞ்சுடும். ஒண்ணாம் தேதில இருந்து சென்டரை மூடறேன் சார். பதிவு திரும்பக் கிடைச்சாத்தான் திறப்பேன். வர்ஷினியை வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பேசிப் பழகறதை மட்டும் விட்டுடாதீங்க."

"இதை மொதல்லயே செஞ்சிருக்கோணும். வா கண்ணு, போலாம்."

வர்ஷினி ஷைமாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அழுத மகளை வீட்டில் விட்டுவிட்டு, கோபம் ஆறாமலே முதலிபாளையத்துக்கு வண்டியை விட்டார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் அவர்தான் மேனேஜர். தொழிலாளர்களின் பாதுகாப்பும் அவர் பொறுப்புத்தான். மறுநாள், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து இதையெல்லாம் சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறார்கள்.

நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் செக்சனில் மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பின்னால், 'காது பாதுகாப்பு: முழு நாள் பயிற்சி' என்று பேனர் கட்டியிருந்தது.

"மூக்கையா, கையெழுத்துப் போட்டாச்சா?"

மதுரைப் பக்கமிருந்து வந்து வருஷக்கணக்கில் அதே மிஷின் இரைச்சலில் நிற்கிற மூக்கையா, மேனேஜரின் வாயையே பார்த்தார். மிஷின் ஓடாதபோதும் அவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். திருமூர்த்தி கத்தினார்.

"போட்டுட்டேன் சார். பயிற்சி எப்ப சார் ஆரம்பிக்கும்?"

"அதெல்லாம் முடிஞ்சுதுங்க. எல்லாரும் இயர் பிளக்கைக் காதுல வெச்சுட்டு இங்க பாருங்க. சிரிங்க!"

போட்டோ எடுத்தாயிற்று. திருமூர்த்தி ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசையின் முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"மிஷினை ஓட்டறதுக்கு முன்னாடி, காதுல இருக்கறதைக் கழட்டி இதுல போட்டுருங்க. அடுத்த ஆடிட்டுக்கு வேணும்."