கொச்சிக்குப் போகும் வழி

பரமானந்தம் தட்டைத் தட்டிய தட்டில் தெருவே திரண்டு வந்துவிட்டது. வர வேண்டிய இரண்டு பேர் மட்டும் வரவில்லை.

அந்த இரண்டு பேரும் அவர் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். ஒருத்தி பெண்டாட்டி சூசையம்மாள். இன்னொருத்தி மகள் லீலா.

ஏற்பாடு என்னவோ தெளிவானதுதான். தட்டுச் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு பையோடு வாசல் படலடியில் வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து பேரிஜம் வழியாக மூணாறு, மூணாற்றிலிருந்து கொச்சி. சீனாக்காரன் கொடைக்கானலுக்கு வந்து கதவைத் திறந்து பார்க்கும்போது பரமானந்தம் குடும்பம் மலையாள தேசத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்.

சீனாக்காரன் கொடைக்கானலுக்கு எதற்கு வரப்போகிறான் என்று கேட்கக் கூடாது. அது அறுபத்திரண்டு நவம்பர். வடக்கே சண்டை மூண்டு, நாளுக்கொரு ஊர் பறிபோனதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. பரமானந்தம் பட்லராக இருந்த பங்களாவில் அமெரிக்க துரையே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தப்பிக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். சூப் பரிமாறிக்கொண்டே இவரும் பாடம் கேட்டுக்கொண்டார்.

ஜப்பான் சண்டையின்போது வெள்ளைக்காரர்கள் தப்பி ஓடுவதற்கென்று ஆக்கி வைத்த வழி அது. பெயரே எஸ்கேப் ரோடு. வெள்ளைக்காரன் ஓடாமல் மிச்சம் வைத்த ரோட்டில் நாம் ஓடினால் ஆகாதா என்பது பரமானந்தம் கட்சி.

ஆகாது என்பது சூசையம்மாள் கட்சி.

முதலில், கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது என்றாள். குஞ்சு பொரித்ததும், துவைத்த கம்பளி காயவில்லை என்றாள். கொடைக்கானலில் நவம்பர் மாதத்துக் கம்பளி காய்வதற்குள் சீனாக்காரன் கன்னியாகுமரி வரை போய்க் குளித்துவிட்டே திரும்பிவிடுவான். பிறகு, லீலா கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை ஆகட்டும் என்றாள். சாமியார் அதற்கு இன்னும் தேதியே வைக்கவில்லை.

கடைசியாக, கொச்சிக்குப் போய் என்ன செய்வதாம் என்று கேட்டாள்.

துரைக்கு அங்கே கப்பல் வரும். தனக்கு என்ன வரும் என்று பரமானந்தம் யோசித்திருக்கவில்லை. யோசிக்காததை மறைக்கக் கொஞ்சம் சத்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒத்திகை என்று அறிவித்தார்.

அந்த ஒத்திகைதான் இது.

பங்களாவில் மணி அடித்துக் கூப்பிடுவார்கள். இவரிடம் மணி இல்லாததால் தட்டும் கரண்டியும். கோயிலுக்கு இனாமாகக் கொடுக்கும் பால்மாவு வந்து இறங்கினால், தட்டைத் தட்டித்தான் தெருவுக்குச் சொல்வார்கள். பங்களாப் பாலிலேயே டீ குடித்துப் பழகிய மனுசனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

போசி, தூக்குவாளி, துணிப்பை என்று அவரவர் கையில் அவரவர் பாத்திரத்தோடு தெருவே படலடியில் நின்றது. ஒருவரும் பின்தங்கவில்லை. ஒருவரும் கோழியைப் பற்றிப் பேசவில்லை. இத்தனை பேரையும் இப்படியே கொச்சிக்குக் கூட்டிப் போய்விடலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டு இருளாயி தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, போட்ட சோலியப் போட்டபடி ஓடியாந்தா, வெறுந்தட்டையா இந்த அடி அடிக்கிறீங்க? அது என்னண்ணே பாவம் பண்ணுச்சு?"

தெரு சிரித்தது. பரமானந்தம் தட்டும் கரண்டியுமாக வீட்டுக்குள் போனார்.

உள்ளே பையும் இல்லை, பரபரப்பும் இல்லை. சூசையம்மாள் அடுப்படியில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். லீலா அம்மா முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

குரலை உயர்த்தாமல் கோபப்படுவது பட்லர் வேலையில் அவர் கற்ற பெரிய வித்தை. அதை மறந்து கத்தினார். யாருக்காக நான் இப்படிக் கிடந்து அல்லாடுகிறேன் என்றார். ஊரே சிரிக்கிறது என்றார். ஒழுகுகிற தகரக் கூரையும் ஓதம் ஏறிய சுவருமாக நிற்கும் இந்த வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்பதற்கு, மனுசன் ஒப்புகிற மாதிரி ஒரே ஒரு காரணம் சொல் என்றார்.

அவள் நிமிரவில்லை.

"சவரி வந்து கதவத் தட்டுனா யாருங்க தெறக்கிறது?"

சண்டை தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. மூத்த மகன். பட்டாளத்துக்குப் போனவன். எங்களைப் பனிமலைப் பக்கம் அனுப்புகிறார்கள் என்று எழுதியதோடு சரி.

ரேடியோ சொன்ன ஊர்களில் அவன் நின்ற ஊர் எது என்று துரையிடம் கேட்க, பரமானந்தத்துக்கு ஒரு நாளும் நா எழவில்லை. தப்பிக்க வழி தேடத்தான் முடிந்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். ஒரு கிழங்கை எடுத்துக் கையில் உருட்டினார்.

வடக்கேயிருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரு ரயில் என்றார். அங்கே எழும்பூருக்குப் போய் வேறு ரயில் மாற வேண்டும். வெள்ளனே கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கினால் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

சூசையம்மாளின் கத்தி நின்றது.

"மொத பஸ்ஸ அவன் எங்கிட்டுப் பிடிக்க? எறங்குனதும் தோசை கேக்கும் அவனுக்கு. ரெண்டாவது பஸ்ஸுன்னு வச்சுக்கங்க."

இரண்டாவது பஸ் என்று வைத்துக்கொண்டார்.