மெக்கானிக் வருகிற ஞாயிறு

மீன்பாடி வண்டியில் வந்த டி.வி.யின் பின்மூடியைக் கழற்றியதும் பகலவனின் மேஜையெல்லாம் மணல் கொட்டியது.

சுனாமிக்குப் பிறகு அந்த எண்ணூர் சர்வீஸ் சென்டருக்கு இப்படிப்பட்ட செட்டுகள்தான் வந்துகொண்டிருந்தன. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

"கடல் தண்ணி பூந்த செட்டுக்கு வாரண்டி கெடையாதுண்ணே. எடுத்துக்கினு போ."

டி.வி.யைக் கொண்டுவந்த மரியதாஸ் நகரவில்லை.

"தண்ணி பூர்றதுக்கு முன்னாடியே படம் வர்ல. ஞாயித்துக்கெழம காலீல மெக்கானிக் வருவான், வூட்டைப் பூட்டிக்கினு போய்டாதீங்கன்னு போன்ல சொன்னது யாரு?"

"நான்தான். மொத நாள் கிறிஸ்துமஸ், அவன் ஞாயித்துக்கெழமையும் லீவு போட்டுட்டான். அதுக்குன்னு கம்பெனி புது டி.வி. குட்த்துடுமா?"

"டி.வி. யாருக்கு வோணும்? ஏன் வர்லேன்னு கேக்கத்தான் வந்தேன்."

பகலவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்குக் குப்பமே கோயிலுக்குப் பூசைக்குப் போச்சு. புள்ளைங்களை இட்டுக்கினு நானும் போய்ட்டேன். மெக்கானிக் வந்தா கதவைத் தொறக்க ஆள் வோணுமேன்னு என் பொண்டாட்டி பிலோமினா மட்டும் வூட்லயே குந்திக்கினு இருந்தா. உங்காளு வர்ல. கடல்தான் வந்துச்சு."