ஒரே போன், நாற்பது மெயில்

கல்குவாரிக் குடியிருப்பு மொத்தத்தையும் ஸ்பேம் என்று பூட்டி வைத்திருந்தது மாவட்ட அலுவலகச் சர்வர்; மெயில், ஆம்புலன்ஸ் அழைப்பு இரண்டும் அதன் வழியாகத்தான் போகும். சர்வரைப் பராமரிக்கும் தாமரைச்செல்வி, மெயில்கள் எங்கிருந்து வந்தவை என்று காட்டும் ஹெட்டர்களைத் துருவிப் பார்த்து மேலாளரிடம் கொண்டுபோனாள்.

"ஒரே போன், ஒரே வாசகம், நாற்பது மெயில். எல்லாத்துலயும் 'பாறைச்சுவர் விரிசல் விட்டிருச்சு'ன்னு. மிஷின் சரியாத்தானே பண்ணியிருக்கு?" என்றார் மேலாளர்.

"அங்க எழுதத் தெரிஞ்சவ ஒருத்திதான் சார். அவ எழுதினதை அவ போன்லருந்தே ஆளாளுக்கு அவங்கவங்க பேர்ல அனுப்பியிருக்காங்க. பூட்டினா ஆம்புலன்ஸ் அழைப்பும் சேர்ந்து நின்னுடுமே, அதை யோசிச்சீங்களா?"

அன்று காலை அந்தப் போன் ஆம்புலன்சைப் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தது. பதினேழையும் சர்வர் தள்ளிவிட்டிருந்தது.

அவளே பூட்டை நீக்கி அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"இப்ப எதுக்கும்மா கூப்பிடுற?" என்றது ஒரு பெண்குரல். "சுவர் சரிஞ்சு, கையாலயே தோண்டி எடுத்தோம். மத்தியானம் வரைக்கும் என் புருஷனுக்கு மூச்சு இருந்துச்சு. அதையும் மெயில்ல எழுதி அனுப்பவா?"