ஹராஸ்மென்ட்னே எழுதுங்க

"ஹராஸ்மென்ட்னே எழுதுங்க டீச்சர்!" தனபால் மேசையில் ஓங்கித் தட்டினார். பிரின்சிபாலின் டீ தளும்பியது.

எங்கள் பள்ளி விதியெல்லாம் இங்கிலீஷில்தான். டீசிங், அதாவது கேலி என்றால் கண்டித்து விடுவார்கள். புல்லியிங், அதாவது வம்புக்கிழுத்து அடாவடி செய்வது என்றால் ஒரு வாரம் சஸ்பென்ஷன். ஹராஸ்மென்ட், அதாவது துன்புறுத்தல் என்றால் டிசி கொடுத்துப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். நடந்தது எது என்று சொல்ல வேண்டியது இங்கிலீஷ் டீச்சர். அதாவது நான், சுகன்யா. என் தலையெழுத்து.

தனபாலுக்குப் புதுச்சத்திரம் பக்கம் பெரிய கோழிப்பண்ணை. மகள் கிருத்திகா எட்டாம் வகுப்பு. அதே வகுப்பு தீபிகா மேல்தான் புகார். தீபிகாவின் அப்பா மாதையன் தனபாலின் பண்ணையிலேயே வேலை பார்ப்பவர். தலை முழுக்க நரை. நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாகவே நின்றார். தீபிகா என் பக்கத்தில் நின்றாள்.

"தீபிகா என்ன சொன்னா?" என்று கிருத்திகாவைக் கேட்டேன்.

"ஒரு வாரமா மிஸ்... ஸ்கூல் கேட்டுல எங்க கார் நின்னாப் போதும், 'தனபால் வந்துட்டான்டி'ன்னு கத்துறா. எல்லாரும் சிரிக்கிறாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"சும்மா டீசிங்தான் சார்..." என்று இழுத்தேன். தீபிகா கெட்டிக்காரி. இலவச சீட்டில் வந்தவள். டிசி கொடுத்துவிட்டால் அவள் படிப்பு அம்போ.

"டீசிங்னா ரெண்டு பேரும் சிரிக்கோணுமுங்க டீச்சர். எம்புள்ள அழுவுது!"

"புல்லியிங்னு போட்டு ஒரு வாரத்தோட விட்டுரலாமே?" என்றார் பிரின்சிபால்.

"பத்தாதுங்க. தள்ளி உடுறது, பென்சிலப் புடுங்குறது, அதெல்லாம் புல்லியிங்கு. இது தெனமும் நடக்குது. பெத்த அப்பன நாலு பேரு முன்னால அவன் இவன்னா, அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

நியாயமாகத்தான் பட்டது.

மாதையன் கும்பிட்டார். "புள்ள தெரியாமப் பேசிருச்சுங்க சாமி. இந்த ஒரு தடவை மன்னிச்சுருங்க. கிருத்திகா சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க."

"நீ சும்மா இருடா மாதையா," என்றாள் கிருத்திகா விசும்பிக்கொண்டே.

"தீபிகா, மன்னிப்புக் கேட்டுடும்மா," என்றேன்.

"கேக்க மாட்டேன் மிஸ்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவளுக்காக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இவளுக்கு இருக்கிற திமிரைப் பாருங்கள்!

"ஏன் கேக்க மாட்டே?"

"நான் ஒரு வாரம் சொன்னது ஹராஸ்மென்ட்னா, ஹராஸ்மென்ட்னே எழுதுங்க. எங்கப்பாவ இவ யூகேஜியிலிருந்து 'டேய் மாதையா'ன்னுதான் கூப்பிடுறா. 'ஷூவத் தொடச்சு வைடா'ங்கிறா. என் முன்னாடியேதான் சொல்றா. அதுக்கு எந்த வார்த்தை மிஸ்?"

கிருத்திகாவின் அழுகை நின்றுவிட்டது.

"அது எங்கூட்டு வழக்கமுங்க," என்றார் தனபால். "எங்க தாத்தன் காலத்துலருந்து அப்படித்தான். மாதையன் எங்க குடும்பத்துல ஒருத்தன் மாதிரி."

குடும்பத்தில் ஒருத்தர் இன்னும் சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவைத் திறந்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரி சார். தினமும், நாலு பேர் முன்னால, பெத்த அப்பனை. ஹராஸ்மென்ட்டேதான். ரெண்டு பேருக்கும் டிசி. முதல்ல யார் பேரை எழுதட்டும்?"

தனபால் மகளைப் பார்த்தார். மேசையைத் தட்டிய கை மெதுவாக மடிக்குப் போனது.

"எதுக்குங்க டீச்சர்... சின்னப் புள்ளைங்க. நீங்க சொன்னாப்புல டீசிங்னே போட்டுருங்க."

பிரின்சிபால் வேகமாகத் தலையாட்டினார். அப்பாடா, ரெண்டு பிள்ளைகளும் தப்பித்தார்கள் என்று நானும் எழுதக் குனிந்தேன்.

தீபிகா தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"டீசிங்னு எழுதாதீங்க மிஸ். டிசி வேணா குடுங்க. டீசிங்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்னு இவருதானே சொன்னாரு? எங்கப்பா ஒருநாள்கூடச் சிரிச்சதில்ல."